ஒரு புத்தகம் கைக்கு வர 163 வருஷம்

எங்கள் சபைகளில் ஒருவர் வீட்டில் மகள் கல்யாணம் தள்ளிப்போனாலும், பையனுக்கு வேலை கிடைக்காமல் இழுத்தடித்தாலும், ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழுந்திருக்காமல் கிடந்தாலும் நாங்கள் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான். "கர்த்தருடைய வேளை இன்னும் வரலை, பொறுமையா இருங்க." சொல்கிறவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கேட்கிறவருக்குத்தான் அது எத்தனை மாதம், எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணும் கணக்கு.

பிரசங்கியின் புத்தகம் மூன்றாம் அதிகாரம் எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன ஒன்று. கல்யாண வீட்டில் வாசிப்பார்கள், துக்க வீட்டில் வாசிப்பார்கள், வருஷக் கடைசி இரவு ஆராதனையில் கட்டாயம் வாசிப்பார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும், நடுவதற்கும் பிடுங்குவதற்கும் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும் பகுதி. ஆனால் அந்த வரிசை முடிந்த பிறகு, அதே அதிகாரத்தில், கடவுள் செய்யும் காரியத்தின் தொடக்கமும் முடிவும் மனுஷனுக்குப் பிடிபடாது என்றும் ஒரு பேச்சு வருகிறது. பெரும்பாலும் வாசிக்கிறவர்கள் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த 'வேளை' என்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் புத்தி தரங்கம்பாடிக்குத்தான் போகும். நம் பக்கத்து ஊர்தானே. கோட்டை, கடற்கரை, மாசிலாமணிநாதர் கோயில், ராஜா வீதி என்று எல்லாரும் பார்த்ததுதான். பிரசங்கியின் அந்த அதிகாரம் அடங்கிய புத்தகம், அதாவது தமிழ் வேதாகமம், எங்கள் கையில் இன்றைக்கு இருக்கிற உருவத்துக்கு வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்த்தால், அங்கே 1708-இல் ஆரம்பித்த வேலை 1871-இல்தான் ஓய்ந்தது. 163 வருஷம். அந்த வேலையில் கை வைத்தவர்களில் பலர் முடிவைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்கள். வேறு சமயத்து நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு இது நம் ஊர்ச் சரித்திரமாகவே இருக்கட்டும்.

1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக். சீகன்பால்குக்கு வயது 23. உடம்பு சரியில்லாத மனுஷர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ராஜா கொடுத்த கடிதம் கையில் இருந்தும், தரங்கம்பாடிக் கோட்டையின் தளபதி ஹாசியுஸ் அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார். வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்கு இந்தப் பிரசங்கிகள் தலைவலி என்பது அவர் கணக்கு.

சீகன்பால்கு தமிழ் படித்த விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தோடு தங்கள் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். வாத்தியாருக்குப் போர்த்துகீசு தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பாலமாக இருந்தவர் அழகப்பன் என்ற துபாஷி. பல ஐரோப்பிய பாஷைகள் பேசுவார். இந்த அழகப்பனைப் பற்றி இன்னும் விரிவாக யாராவது எழுத வேண்டும். மிஷனரிகளுக்கு உதவியதற்காகத் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, தஞ்சாவூரில் சிறையிலும் இருந்தார். சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. அழகப்பனுக்கு ஒரு தெருப்பெயர் கூட இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வந்து ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, படித்து, அவற்றுக்குக் குறிப்புடன் ஒரு பட்டியலும் போட்டுவிட்டார் சீகன்பால்கு. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம் கூட ஒழுங்காக ஓடவில்லை. ஒரு விதவையின் கடன் வழக்கில் அவர் தலையிட்டதைச் சாக்காக வைத்து, நவம்பரில் தளபதி அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். நான்கு மாதம். எழுதக் காகிதமும் பேனாவும் முதலில் கொடுக்கவில்லை. வேலை நின்றது.

1709-இல் வெளியே வந்தார், விட்ட இடத்தில் எடுத்தார், 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டை முடித்தார். கையெழுத்துப் பிரதி தயார். அச்சடிக்க வேண்டும். இங்கேதான் அடுத்த காத்திருப்பு.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எங்கள் பெரியவர்கள் 'எஸ்.பி.சி.கே.' என்றே சொல்வார்கள்) ஓர் அச்சு இயந்திரமும் காகிதமும் ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரும் சேர்த்துக் கப்பலேற்றியது. அந்தக் காலத்துக் கப்பல்கள் காற்றைப் பிடிக்கப் பிரேசில் பக்கம் சுற்றிப் போவது வழக்கம். ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். மறுபடி புறப்பட்டது. நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் வரவில்லை.

தரங்கம்பாடியில் கம்பெனிச் சிப்பாய்களுக்குள் விசாரித்ததில், அச்சு வேலை தெரிந்த ஒருவன் அகப்பட்டான். அவனை வைத்து முதலில் போர்த்துகீசில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். தமிழ் எழுத்துக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தமிழே தெரியாத கொல்லர்கள், அனுப்பிய மாதிரியைப் பார்த்து வார்த்த எழுத்துகள் 1713-இல் வந்தன. கூடவே ஆட்லர் என்ற அச்சுக்காரரும் வந்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் பருமன். அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் இருக்கிற காகிதமெல்லாம் பாதியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். அதற்கு வேண்டிய ஈயம்? லண்டன்காரர்கள் அனுப்பிய பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தகட்டை உருக்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். காகிதம் தீராமல் இருக்கப் பொறையாரில் காகிதம் செய்யவே ஒரு பட்டறை போட்டார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் 'கடுதாசிப்பட்டறை' என்ற பெயர் அந்த இடத்தில் நின்றுவிட்டது. பொறையார்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வெளிவந்தன. மீதி 1715-இல். அந்த மீதி அச்சாகி முடிந்தபோது சீகன்பால்கு ஊரில் இல்லை. மிஷன் விஷயமாக வாதாட 1714-லேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியிருந்தார். தன் கையால் எழுதிய புத்தகத்தின் கடைசித் தாள் இயந்திரத்தைவிட்டு இறங்குவதை அவர் பார்க்கவில்லை; பார்த்தவர் கிருண்ட்லர் என்ற அவருடைய தோழர்.

1716-இல் மனைவியோடு திரும்பி வந்தார். இப்போது இருக்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானது. அந்தக் கோயிலில் அவர் நாலு மாதம் ஆராதனை நடத்தினார், அவ்வளவுதான். கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள், கட்டடம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, அப்போஸ்தலர் மாதிரிப் பையில் காசில்லாமல் நடந்து பிரசங்கிக்க வேண்டியதுதானே என்று கண்டித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் ஒரு நாள் கூட நடந்து பார்க்காதவர்கள். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி சீகன்பால்கு இறந்தார். வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் முடித்திருந்தார். அடுத்த வருஷமே கிருண்ட்லரும் போய்விட்டார்.

ரூத் முடிந்தால் அடுத்து வருவது சாமுவேலின் முதல் புத்தகம். அது எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னாள் வருஷா வருஷம் கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் கதை. சீகன்பால்குக்குப் பின்னால் பேனாவை எடுத்தவர் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இது தற்செயல்தான், இதில் பெரிய தத்துவம் எதுவும் நான் தேடவில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் கை நின்றுவிடுகிறது.

பேனாவை எடுத்தவர் சுல்ட்சே. 1719-இல்தான் வந்தார், அதாவது தமிழை முதலில் இருந்து படிக்க வேண்டியவர். சுறுசுறுப்பு அதிகம், பொறுமை குறைவு. பழைய ஏற்பாட்டை முடித்து 1723 தொடங்கி 1728-க்குள் பகுதி பகுதியாக அச்சேற்றிவிட்டார். தமிழில் முழு வேதாகமம் முதல்முறையாக வந்துவிட்டது. ஆனால் அவருடைய தமிழ் கரடுமுரடு என்று அன்றைக்கே பேச்சு. அவசரமாகச் சமைத்தது பசிக்கு உதவும், ருசி இருக்காது. அவர் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. முழுப் புத்தகம் என்று ஒன்று இருந்தால்தான் அதைத் திருத்த முடியும்.

திருத்தியவர்தான் பப்ரிசியுஸ். இந்தச் சரித்திரத்தில் நான் அதிகம் நினைக்கிற மனுஷர் இவர். யோஹான் பிலிப் பப்ரிசியுஸ் 1711-இல் ஜெர்மனியில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தவர். 1740-இல் கடலூரில் வந்து இறங்கினார். 1742 கடைசியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். சுல்ட்சே தமிழகத்தை விட்டுப் போகும் நேரம் அது. அன்று முதல் ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் சென்னையை விட்டு நிரந்தரமாக எங்கேயும் போகவில்லை. சொந்த நாட்டுக்கும் திரும்பவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அந்த ஐம்பது வருஷமும் எப்படிப்பட்டவை என்றால், யுத்த வருஷங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மிஷன் கோயில் கறுப்பர் பட்டணத்தில் இருந்தது. அதை இடித்துவிட்டார்கள். பப்ரிசியுஸ் சபையாரைக் கூட்டிக்கொண்டு டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்குப் போனார். 1749-இல் சமாதானம் ஆகிச் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, வேப்பேரியில் இடம் கிடைத்தது. அங்கே இருந்தது ஆர்மீனிய வியாபாரி உஸ்கான் கட்டிய சின்னக் கோயில். உஸ்கான் கத்தோலிக்கர். பிரெஞ்சுக்காரருக்கு அனுகூலமாக இருந்தார்கள் என்று சொல்லிக் கத்தோலிக்கர் கோயில்களை ஆங்கிலேயர் பறித்ததில் கிடைத்தது அது. ஒருவருடைய ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று நாம் எழுதும் இடத்தில், இன்னொருவர் தன் கோயில் பறிபோனது என்று எழுதியிருப்பார். இதையும் சேர்த்துத்தான் சரித்திரம் படிக்க வேண்டும்.

1758 டிசம்பரில் லாலி படையெடுத்து வந்தார். வேப்பேரி மிஷன் வீடு கொள்ளையடிக்கப்பட்டது. மறுபடி பழவேற்காடு. மறுபடி திரும்பி வந்து கூரை போட்டு, பள்ளிக்கூடத்தைக் கூட்டி, மேஜையில் உட்கார்ந்து விட்ட வசனத்தில் இருந்து எழுதினார்.

அவர் வேலை செய்த முறை நிதானமானது. எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு பகுதியை எழுதி, அதைத் தமிழர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவார். படித்தவர்களுக்கும் வாசிப்பார், எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும் வாசிப்பார். எங்கே முகம் சுருங்குகிறது, எங்கே காது நிமிர்கிறது என்று பார்ப்பார். பிறகு திருத்துவார். மறுபடி வாசிப்பார். இப்படி வேலை செய்தால் வருஷங்கள் ஓடத்தானே செய்யும்?

அச்சு இயந்திரம் இல்லாத குறை 1761-இல் தீர்ந்தது. தீர்ந்த கதை விசேஷமானது. அந்த வருஷம் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தார். அங்கே பிரெஞ்சு கவர்னரின் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரம் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்கு வந்தது. சென்னைக் கோட்டையில் அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லை. பப்ரிசியுஸ் ஐயரிடம் கொடுத்தார்கள், அரசாங்க வேலை வந்தால் முதலில் அதை முடித்துத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேப்பேரி அச்சுக்கூடம் அப்படித்தான் உண்டானது.

கணக்குப் பாருங்கள். 1711-இல் தரங்கம்பாடிக்கு வந்த இயந்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் மாட்டியது. சரியாக 50 வருஷம் கழித்து, பிரெஞ்சுக்காரரின் இயந்திரமே தமிழ் வேதத்தை அச்சடிக்க வந்து சேர்ந்தது. எங்கள் பிரசங்கிமார் கையில் இது கிடைத்தால் விடமாட்டார்கள். "பார்த்தீர்களா, கர்த்தருடைய வேளை!" என்பார்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் புதுச்சேரி பட்டினியில் விழுந்த ஊர். விழுந்த பிறகு ஆங்கிலேயர் அதைக் கல்லும் மண்ணுமாக இடித்துப் போட்டார்கள். ஒரு புத்தகம் அச்சாவதற்காகக் கடவுள் ஓர் ஊரைப் பட்டினி போட்டார் என்று என்னால் நம்ப முடியாது. இடிந்த ஊரில் இருந்து வந்த இரும்பை ஒரு நல்லவர் நல்லதற்குப் பயன்படுத்தினார் என்பதுவரை எனக்கு நிச்சயம். அதற்குமேல் போவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

1772-இல் பப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு வந்தது. அவர் சென்னைக்கு வந்து முப்பது வருஷம். 1774-இல் ஞானப்பாட்டுப் புத்தகம். ஜெர்மன் பாட்டுகளை அதே ராகத்துக்கு அமையும்படி தமிழில் கொண்டுவந்திருக்கிறார். லுத்தரன் கோயில்களில் அவற்றில் பல இன்றும் பாடப்படுகின்றன. 1777-இல் பழைய ஏற்பாட்டின் முதல் பகுதி. 1779-இல் தமிழ் - ஆங்கில அகராதி, பிரைட்ஹாப்ட் என்ற தோழரோடு சேர்ந்து. ஏறக்குறைய ஒன்பதாயிரம் சொற்கள். பிற்காலத்து அகராதிக்காரர்கள் பலரும் அதன்மேல் நின்றுதான் எழுதினார்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் அருமையான சாட்சி. விதைத்தார், காத்திருந்தார், அறுத்தார் என்று முடித்துவிடலாம். பக்திப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி வருவது பெரும்பாலும் இங்கேதான் முடியும். ஆனால் அவருடைய முதுமைக்காலம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கும் நியாயம் இல்லை, நமக்கும் பிரயோஜனம் இல்லை.

ஐயர் நேர்மையானவர், ஆசையில்லாதவர் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. ஆகவே ஐரோப்பியரும் தமிழரும் தங்கள் பணத்தை அவரிடம் கொடுத்துவைத்தார்கள். மிஷன் பணமும் இருந்தது. வட்டி வந்தால் ஏழைகளுக்கும் மிஷனுக்கும் ஆகும் என்று அவர் அதைப் பெரிய மனிதர்களுக்குக் கடனாகக் கொடுத்தார். கணக்கு வழக்கில் அவருக்குச் சாமர்த்தியம் கிடையாது, பக்கத்தில் இருந்தவர்களை ஆராயாமல் நம்பினார். கடன் வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். போட்டவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். எழுபது வயது தாண்டிய மனுஷர், எபிரேயத் தீர்க்கதரிசிகளைத் தமிழில் பேசவைத்த மனுஷர், கடனுக்காகச் சிறைக்குப் போனார். ஒரு தடவை அல்ல, பல தடவை. 1788-இல் மிஷன் பொறுப்பை கெரிக்கே என்பவரிடம் ஒப்படைத்தார். 1791 ஜனவரியில் எண்பது வயதில் இறந்தார்.

சீகன்பால்கு இருந்த சிறையும் இந்தச் சிறையும் ஒன்றா? என் அபிப்பிராயத்தில் இல்லை. முன்னது அதிகாரத்தில் இருந்த ஒருவர் செய்த அநியாயம். பின்னது, நல்ல எண்ணத்தோடு செய்த தப்பான காரியத்தின் பலன். அவரை நம்பிப் பணம் போட்ட விதவைகளும் சிறு சம்பளக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் நஷ்டத்தையும் 'கர்த்தருடைய வேளை' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டக் கூடாது. நம் வாழ்க்கையிலும் தள்ளிப்போன காரியங்களில் சிலவற்றுக்குக் கடவுளைப் பொறுப்பாக்குகிறோம். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது, டாக்டரிடம் நேரத்தோடு போகாதது, உடன்பிறந்தவனிடம் பத்து வருஷம் பேசாமல் இருந்தது. இவற்றையெல்லாம் பரலோகத்துக் கடிகாரத்தின்மேல் போடுவது சௌகரியம்தான், சரியில்லை.

அதே சமயம் இன்னொன்றும் உண்டு. சிறைக்குப் போனதனால் அவருடைய மொழிபெயர்ப்பில் ஒரு வசனம் கூடப் பொய்யாகிவிடவில்லை. ரிட்டயர் ஆன பிறகு, "நம்ம கடைசி அத்தியாயம் இப்படி ஆயிடுச்சே, அப்ப முன்னால செஞ்சதெல்லாம் வீணா?" என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் என்று ஒன்றும் இல்லை. பப்ரிசியுஸ் ஐயர் பெயரை மட்டும் சொல்வதுண்டு.

அவருடைய பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது 1796-இல். அவர் போய் ஐந்து வருஷம்.

இதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இருந்த இரேனியுஸ், பப்ரிசியுஸின் தமிழ் மூலத்தை ஒட்டி ஒட்டிப் போகிறது, ஜனங்களுக்குச் சரளமாக வேண்டும் என்று புதிய ஏற்பாட்டை மறுபடி செய்தார். பழைய ஏற்பாட்டை முடிக்குமுன் 1838-இல் 47 வயதில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முழு வேதாகமத்தையும் செய்து 1850-இல் வெளியிட்டார். நாவலர் எப்பேர்ப்பட்ட சைவர் என்பது உங்களுக்குத் தெரியும். சைவத்தைக் காக்கப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்துப் போராடியவர், அதற்கு முன்னால் வாலிபத்தில் உட்கார்ந்து பைபிளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தமிழை இங்கே இருந்த மிஷன்காரர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதுவும் அலமாரிக்குப் போனது.

கடைசியில் பல மிஷன்கள் கூடி ஒரு குழு போட்டார்கள். முக்கியப் பொறுப்பு சென்னையில் பிறந்த ஹென்றி பவர் ஐயருக்கு. கால்டுவெல் ஐயரும் அந்தக் குழுவில் இருந்தார். பப்ரிசியுஸை அடித்தளமாக வைத்து, இரேனியுஸின் எளிமையையும் பார்த்து, வசனம் வசனமாக விவாதித்து, 1871-இல் முழு வேதாகமம் வந்தது. இன்றைக்கு நாங்கள் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று சொல்லி மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவது அதுதான். முடித்துவைக்கும் பாக்கியம் பவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எங்கள் சபைகளில் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிவதில்லை. பாதியில் போன சீகன்பால்குக்கு ஜூலை மாதம் வந்தால் மாலை போடுகிறோம்.

இந்த 163 வருஷத்தில் கடவுளுக்கு வைத்த பெயரே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்று எழுதினார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்று எழுதினார். 1871-இல் 'தேவன்' வந்தது. மற்ற மிஷன் சபைகள் 'தேவன்' என்பதற்கு மாறிக்கொண்டன. லுத்தரன் சபையார் மட்டும் அவ்வளவு சீக்கிரம் அசையவில்லை. பப்ரிசியுஸ் புத்தகத்தையே நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இளம் வயதில் விதவையானவர், மூன்று பிள்ளைகளை மாவாட்டிக் கொடுத்து வளர்த்தவர். கோயிலில் எல்லாரும் 'தேவனே' என்று சொல்லும்போது அவரும் சொல்வார். வீட்டில், விடிகாலையில், அடுப்பு பற்றவைக்குமுன் முழங்கால் போட்டால், "பராபரனே" என்றுதான் ஆரம்பிப்பார். தாயுமானவர் கண்ணியில் வருகிற அதே சொல் என்று நான் ஒரு தரம் சொன்னேன். "அப்படியா? எங்க பாட்டி சொல்லிக் குடுத்தது தம்பி" என்றார். வேப்பேரியில் ஒரு கிழவர் முப்பது வருஷம் அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தார் என்றோ, கடனுக்காகச் சிறைக்குப் போனார் என்றோ பெரியம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவருக்கு அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது.